பெயரில் எபிதீலியம், பயனில் அதற்கும் அப்பால்: இ29 எதிர்ப்பொருள் குறித்த ஒரு மதிப்பீடு

திசுச் சாயமேற்றும் ஆய்வகம் எதுவாயினும் அதன் குளிர்பெட்டியில் "ஈஎம்ஏ, குளோன் இ29" என்று எழுதிய சிறு குப்பி ஒன்று இருக்கும். எபிதீலியல் மெம்பிரேன் ஆன்டிஜென் எனப்படும் கிளைக்கோபுரதத்தைப் பற்றிக்கொள்ளும் இந்த எதிர்ப்பொருளை வாங்குவோரில் பலர் கார்சினோமாவை, அதாவது உறுப்புகளின் மேற்பரப்பையும் உட்பரப்பையும் மூடும் எபிதீலியத்தில் எழும் புற்றுநோயை, அடையாளம் காண்பதற்கான பொருளாகவே அதைக் கருதுகிறார்கள். பெயரும் அப்படி நினைக்கத்தான் வைக்கிறது. என் மேசைக்கு வரும் வேலை வேறு. நரம்பின் உறை, மூளையுறை, நிணநீர்க் கணு, எலும்பு மஜ்ஜை என எபிதீலியம் அல்லாத இடங்களில் இந்தப் புரதம் இருக்கிறதா, இருந்தால் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்ப்பதற்கே பல ஆண்டுகளாக இந்தக் குப்பியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். இம்மதிப்பீடும் அந்தக் கோணத்திலிருந்து எழுதப்படுவதே. மார்பகக் கார்சினோமாவுக்கும் நுரையீரல் கார்சினோமாவுக்கும் இது எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புவோருக்கு இதில் அதிகம் கிடைக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பொருள் அருமையானது, அதைப் பயன்பாட்டுக்குத் தயாரான நிலையில் நீர்த்து அடைத்து விற்கும் முறைதான் எபிதீலியம் அல்லாத வேலைக்கு எப்போதும் பொருந்துவதில்லை. ஆகவே மூளைக்கட்டிகளும் மென்திசுக் கட்டிகளும் லிம்ஃபோமா எனும் நிணநீர்ச் செல் புற்றுநோய்களும் அதிகம் வரும் ஆய்வகம் என்றால் அடர்கரைசலை வாங்கித் தானே நீர்த்துக்கொள்வது நல்லது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

தாய்ப்பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் ஒவ்வொன்றையும் சுற்றி, பால் சுரக்கும் செல்லிலிருந்து பிய்ந்து வந்த மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வைக் கொண்டு விலங்குகளில் உண்டாக்கிய சீரம், பல உறுப்புகளின் எபிதீலியச் செல்களை விளிம்பு கட்டியதுபோலச் சாயமேற்றுகிறது என்பதை 1979-இல் ஹேடர்மேன், ஸ்டீல், ஓர்மராட் ஆகியோர் வெளியிட்டார்கள். ஈஎம்ஏ என்ற பெயர் அந்தக் காலத்தில் நிலைபெற்றது. 1985-இல் கார்டெல்லும் உடன் பணியாற்றியோரும் அதே ஆன்டிஜெனுக்கு எதிரான ஒற்றைக் குளோன் எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். கொழுப்பு நீக்கிய பாலேட்டுச் சாற்றை எலிக்குள் செலுத்திப் பெற்ற இ29 அப்படி வந்ததுதான். இது எலியின் ஐஜிஜி2ஏ வகையைச் சேர்ந்தது, கப்பா இலகு சங்கிலி கொண்டது. இந்த விவரம் விற்பனைத் தாளில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் இந்த ஆன்டிஜென் வேறொன்றுமல்ல, முதலாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள எம்யுசி1 மரபணு உண்டாக்கும் மியூசின் என்று தெளிவாயிற்று. செல் சவ்வை ஊடுருவி நிற்கும் அதன் வெளிப்பகுதியில் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே தொடர் பல பத்து முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதன் செரீன், திரியோனீன் கண்ணிகளில் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து தொங்குகின்றன. இ29 பற்றும் இடம் திரும்ப வரும் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. இதனால் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் சேர்ந்தே வருகின்றன. ஒரே மூலக்கூறில் எதிர்ப்பொருள் அமர்வதற்குப் பல இருக்கைகள் இருப்பதால் எபிதீலியத்தில் சாயம் அள்ளிக் கொட்டினாற்போல் விழுகிறது. ஆனால் சர்க்கரைச் சங்கிலிகள் எவ்வளவு அடர்த்தியாக மூடியிருக்கின்றன என்பது திசுவுக்குத் திசு மாறுவதால், புரதத்தின் அளவு ஒன்றாக இருந்தும் சாயத்தின் அழுத்தம் ஒன்றாக இருப்பதில்லை. எம்யுசி1 மூலக்கூறுக்கு எதிரான வேறு குளோன்கள் அதே திசுவில் சற்றே வேறுபட்ட படத்தைத் தருவதற்கும் இது ஒரு காரணம். ஒரு குளோனைக் கொண்டு எழுதப்பட்ட அட்டவணையை இன்னொரு குளோனின் ஸ்லைடுக்குப் பொருத்திப் படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெயருக்கும் நடப்புக்கும் உள்ள முரண்பாடு ஒன்றும் புதிதல்ல. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் சில லிம்ஃபோமாக்களும் ஈஎம்ஏ காட்டுகின்றன என்று 1984, 1985 ஆண்டுகளிலேயே ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. எபிதீலியம், இணைப்புத் திசு, இரத்த அணுக்கள் ஆகிய மூன்றிலும் எழும் கட்டிகளில் இது எப்படி விழுகிறது என்று பிங்கஸ், கர்ட்டின் இருவரும் 1985-இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஆய்வுகள் எல்லாம் வெப்பத்தால் ஆன்டிஜெனை மீட்டெடுக்கும் முறை 1991-இல் வருவதற்கு முந்தையவை. ஃபார்மலினில் பதப்படுத்திய பாரஃபின் திசுவில் எந்த வெப்பமும் காட்டாமல் நேரடியாகவே இ29 வேலை செய்தது என்பதுதான் அதற்கு அன்று கிடைத்த நற்பெயருக்குக் காரணம். இன்று அதே எதிர்ப்பொருளை 97 பாகை வெந்நீர்த் தொட்டியில் வைத்து எடுத்த ஸ்லைடில் ஊற்றி, பாலிமர் கண்டறிதல் முறையால் பெருக்கிப் பார்க்கிறோம். அன்று தெரியாத மங்கலான சாயம் இன்று தெரிகிறது. பழைய நூலில் "எதிர்மறை" என்று இருப்பது நம் ஸ்லைடில் பழுப்பாக, அதாவது நேர்மறையாக, தெரிந்தால், நூல் தவறு என்றும் ஆகிவிடாது, ஸ்லைடு தவறு என்றும் ஆகிவிடாது.

இனிப் பொருளின் செயல்திறனுக்கு வருகிறேன். ஒரு புதிய குப்பி வந்தவுடன் நான் முதலில் பார்ப்பது நரம்பின் குறுக்குவெட்டு. தோல் துண்டு எதிலும் ஆழமான பகுதியில் சிறு நரம்பு ஒன்று அகப்படும். நரம்புக் கற்றையைச் சுற்றி வெங்காயத் தாள்போல அடுக்கடுக்காக நிற்கும் பெரிநியூரியம் செல்கள் எபிதீலியம் அல்ல. ஆயினும் அவை ஈஎம்ஏ காட்டுகின்றன. நன்றாக வேலை செய்யும் இ29 அந்த உறையை நூல் கோத்ததுபோல மெல்லிய, அறுபடாத பழுப்பு வளையமாகக் காட்டும். வளையத்துக்கு உள்ளே இருக்கும் ஷ்வான் செல்களும் ஆக்சான்களும் சுத்தமான நீலத்தில் இருக்கும். அதே ஸ்லைடில் வியர்வைச் சுரப்பியின் நாளமும் செபேசியஸ் சுரப்பியும் கருப்பாகும் அளவுக்குச் சாயமேறியிருக்க, நரம்பின் வளையம் மட்டும் விட்டுவிட்டுத் தெரிந்தால் அந்தக் கரைசல் என் வேலைக்கு உதவாது. சுரப்பியைப் பார்த்து நிறைவடைபவர்கள் இந்தக் குறையை ஒருபோதும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சமயம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் ரெடி-டு-யூஸ் (முன்பே நீர்த்து அடைத்த) குப்பியை எங்கள் ஆய்வகம் வாங்கியது. பெருங்குடல் துண்டைக் கட்டுப்பாட்டுத் திசுவாக வைத்துப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. சில வாரங்களுக்குப் பின், விரலின் தோலடியிலிருந்து எடுத்த ஒரு சிறு கட்டி வந்தது. மெலிந்து நீண்ட செல்கள், சுழல் சுழலான அமைப்பு, ஷ்வான் செல்லின் குறியான எஸ்100 எதிர்மறை. பெரிநியூரியத்தில் எழும் பெரிநியூரியோமாவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஈஎம்ஏ கேட்டேன். எதிர்மறை என்று வந்தது. மனம் ஒப்பவில்லை. அடர்கரைசலாக வைத்திருந்த பழைய குப்பியிலிருந்து எடுத்து, வழக்கமாக நீர்ப்பதில் பாதியளவே நீர்த்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தபோது, கட்டி முழுவதும் சிலந்தி நூல்போன்ற இழைகளாக நேர்மறையாக இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன், தங்கள் கட்டுப்பாட்டுத் திசுவில் பொருள் நிர்ணயித்த தரத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அவர்கள் பார்த்தது எபிதீலியம்; நான் கேட்டது வேறு.

பெரிநியூரியோமாவின் சங்கடம் என்னவென்றால், அதில் ஒவ்வொரு செல்லின் கிளையும் ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கு ஏறக்குறையச் சமமான தடிமன் கொண்டது. பத்து மடங்கு ஆப்ஜெக்டிவில் பார்த்தால் நல்ல சாயமும் பின்னணியோடு கலந்து எதிர்மறைபோலத் தோன்றும். நாற்பதில் வைத்து, கண்டென்சரைச் சரிசெய்து, நுண்குவியத் திருகை முன்னும் பின்னும் அசைத்தால் இழைகள் எழுந்து வரும். இவ்வளவு மெல்லிய இலக்குக்கு எதிர்ப்பொருளின் செறிவைக் கூட்டாமல் வழியில்லை. பெரிநியூரியச் செல்லின் வேறு குறிகளான கிளாடின்-1, குளுட்-1 இரண்டையும் உடன் போடுவது வழக்கம். அவற்றையும் போடுங்கள், ஆனால் இ29 மங்கலாக இருப்பதை மறைப்பதற்கான போர்வையாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

மெனிஞ்சியோமாவில் இந்த எதிர்ப்பொருளின் நடத்தை நடுத்தரம் என்றுதான் சொல்வேன். மூளையுறையின் அராக்னாய்டு செல்களிலிருந்து எழும் இக்கட்டியில் சாயம் திட்டுத்திட்டாக விழும். சுழல்களின் நடுவில் தெளிவாகவும், நார்த்தன்மை மிகுந்த வகைகளில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவிலும் இருக்கும். சிறு துண்டு மட்டும் அனுப்பப்பட்டு, அதில் திட்டு இல்லாத பகுதி மட்டும் வந்துவிட்டால், எதிர்மறை முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. இந்த இடத்தில் எஸ்எஸ்டிஆர்2ஏ எதிர்ப்பொருள் இ29-ஐ முந்திவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது கட்டி முழுவதும் பரவலாக விழுகிறது, படிப்பதும் எளிது. ஆனாலும் காதுக்குப் பின்னால், சிறுமூளைக்கும் பான்ஸுக்கும் இடைப்பட்ட கோணத்தில் ஷ்வானோமாவா மெனிஞ்சியோமாவா என்ற கேள்வி வரும்போது, ஷ்வான் செல் குறியான சாக்ஸ்10 ஒரு பக்கமும் ஈஎம்ஏ மறுபக்கமுமாக வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை. தனித்த நார்க்கட்டி என்ற ஐயம் எழுந்தால் ஸ்டாட்6 வேண்டும். அதற்கு இந்தக் குப்பியால் பதில் சொல்ல முடியாது.

மாறாக, எபெண்டிமோமாவில் இ29 காட்டும் படம் மிகவும் பயனுள்ளது. மூளையின் அறைகளை ஒட்டி எழும் இக்கட்டியின் செல்களுக்குள் புள்ளிகளாகவும் நுண்ணிய வளையங்களாகவும் ஈஎம்ஏ தெரியும். செல்களுக்கு உள்ளும் இடையிலும் அமைந்த மிகச் சிறிய குழிகளின் சுவர் அது. முதன்முறை பார்ப்பவர் அதை டிஏபி (பழுப்பு தரும் நிறமூட்டி) வண்டல் என்றே எண்ணிக் கழித்துவிடுவார். வேறுபடுத்த ஒரு வழி இருக்கிறது: வண்டல் திசுவின் மேல் படிந்திருப்பதால், செல்லின் கரு தெளிவாக இருக்கும் குவியத்தில் அது மங்கிப்போய், திருகைச் சற்று மேலே திருப்பினால்தான் கூர்மையாகும். உண்மையான புள்ளி கருவோடு ஒரே தளத்தில் கூர்மையாக நிற்கும். வண்டலுக்கு ஓரம் முறையற்றும் புள்ளிக்கு உருண்டையாகவும் இருக்கும். கழுவும் நீர் போதாமல் வண்டல் படிந்த ஸ்லைடில் எபெண்டிமோமாவைத் தேடுவது வீண் வேலை. அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள்.

நிணநீர்க் கணுவில்தான் இந்தப் பொருள் பயன்படுத்துபவரின் விழிப்பைச் சோதிக்கிறது. அனாபிளாஸ்டிக் பெருஞ்செல் லிம்ஃபோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கணுவின் சைனஸ்களுக்குள் பரவி, பார்ப்பதற்கு வேறெங்கிருந்தோ வந்து படிந்த கார்சினோமாவைப்போலவே இருக்கும். வெள்ளணுக்களின் பொதுக் குறியான சிடி45 சில வேளைகளில் அதில் எதிர்மறையாகவும் வரும். அப்போது மேசையில் இருப்பது சிடி45 எதிர்மறை, ஈஎம்ஏ நேர்மறை என்ற இரண்டு ஸ்லைடுகள். குப்பியின் பெயரை நம்பினால் கார்சினோமா என்று கையெழுத்திட்டுவிடலாம். நோயாளி முற்றிலும் வேறான சிகிச்சைக்குப் போய்விடுவார். சவ்விலும், கருவின் அருகே கோல்கை உறுப்பின் இடத்தில் ஒரு திரளாகவும் ஈஎம்ஏ விழுந்திருப்பதைக் கண்டதும் எபிதீலியக் குறியான சைட்டோகெராட்டினையும், இந்த லிம்ஃபோமாவுக்காகச் சிடி30-ஐயும் ஏஎல்கே எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் அனுபவத்தில், தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் இதை மனப்பாடமாகச் சொல்பவர்களும்கூட, வேலை மிகுந்த ஒரு மாலையில் இதே பொறியில் கால் வைக்கிறார்கள்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவின் கணு-லிம்ஃபோசைட் மிகுந்த வகையில், சோளப்பொரி போன்ற மடிப்புகள் நிறைந்த கருக்களைக் கொண்ட பெரிய செல்கள் பலவற்றில் ஈஎம்ஏ நேர்மறையாக இருக்கும்; சிடி15, சிடி30 இரண்டும் பொதுவாக எதிர்மறையாக வரும். வழக்கமான ஹாட்ஜ்கின் வகையில் இது ஏறக்குறையத் தலைகீழ். இங்கு இ29 திருப்தியாக வேலை செய்கிறது, ஆனால் அந்தப் பெரிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் ஸ்லைடு முழுவதையும் பொறுமையாகத் துழாவ வேண்டும்.

பிளாஸ்மா செல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நகைப்புக்குரிய ஒரு முடிச்சு அதில் இருக்கிறது. இயல்பான பிளாஸ்மா செல்களில் பலவும், பிளாஸ்மா செல் புற்றுநோயான மைலோமாவில் ஒரு பகுதியும், பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்ஃபோமாவும் ஈஎம்ஏ காட்டக்கூடியவை. மஜ்ஜையிலோ எலும்பிலோ கூட்டமாக நிற்கும், முதிர்ச்சி குறைந்த பிளாஸ்மா செல்களைக் கார்சினோமாவிலிருந்து பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஈஎம்ஏ உதவவில்லை என்று கண்டு, பிளாஸ்மா செல்லின் அடையாளமான சிடி138-ஐப் போடுகிறார் ஒருவர். அது சின்டெக்கான்-1 என்னும் புரோட்டியோகிளைக்கான், சர்க்கரைச் சங்கிலி தாங்கும் இன்னொரு புரதம். பல கார்சினோமாக்களிலும் அது நேர்மறைதான். இரண்டு ஸ்லைடும் பழுப்பு, கேள்வி தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. சைட்டோகெராட்டினும், பிளாஸ்மா செல்லின் பக்கம் நிற்கும் எம்யூஎம்1, கப்பா-லாம்டா ஆகியவையும் வந்தால்தான் முடிச்சு அவிழும். இது இ29-இன் குறையல்ல. இரண்டு எபிதீலியக் குறிகளைக் கொண்டு எபிதீலியம் அல்லாததைக் கண்டுபிடிக்க முயன்றவரின் குறை.

இதே இடத்தில் வேறொரு தொந்தரவும் உண்டு. பிளாஸ்மா செல்லின் சைட்டோபிளாசம் முழுக்க இம்யூனோகுளோபுலின் அடைந்து கிடப்பதால், கண்டறியும் கரைசல்கள் அதில் இலக்கின்றி ஒட்டிக்கொண்டு மங்கலான பழுப்பைத் தரக்கூடும். அது உண்மையான ஈஎம்ஏ தானா என்று அறிய, முதல் எதிர்ப்பொருளுக்குப் பதிலாக எலியின் ஐஜிஜி2ஏ வகையைச் சேர்ந்த, எதையும் குறிவைக்காத எதிர்ப்பொருளை அதே செறிவில் ஊற்றிய ஒரு ஸ்லைடு பக்கத்தில் இருக்க வேண்டும். வகை எது என்று படித்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். வெறும் பஃபர் ஊற்றிய ஸ்லைடை எதிர்மறைக் கட்டுப்பாடு என்று வைப்பது எபிதீலியத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். பிளாஸ்மா செல்லுக்குப் போதாது.

மஜ்ஜையில் இன்னொரு கதை. மார்பகக் கார்சினோமா உள்ள ஒருவரின் மஜ்ஜைத் துண்டில், ஈஎம்ஏ போட்ட ஸ்லைடில் ஏழெட்டுச் செல்கள் ஒரு கொத்தாக நல்ல பழுப்பில் நின்றன. என்னுடன் பயின்றுகொண்டிருந்தவர் பரவல் என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். கருக்கள் கச்சிதமான வட்டம், குரோமாட்டின் கெட்டியாகத் திரண்டது, செல்கள் அனைத்தும் ஒரே அளவு. அவை சிவப்பணுவின் முன்னோடிகளான எரித்ரோபிளாஸ்டுகள். அவையும் ஈஎம்ஏ காட்டுபவைதாம். அடுத்த வெட்டில் சிவப்பணு வரிசையின் குறியான கிளைக்கோஃபோரின் போட்டபோது அதே கொத்து நேர்மறை, சைட்டோகெராட்டின் எதிர்மறை. மஜ்ஜையில் கார்சினோமாவைத் தேடுவதற்கு ஈஎம்ஏவை மட்டும் நம்புவது தகாது என்று விற்பனைத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். நான் பார்த்த தாள்களில் "இரத்த அணு வழிவந்த சில செல்களிலும் வினை காணப்படலாம்" என்ற பொருளில் ஒரு வரிதான் இருந்தது. வாங்குபவருக்கு அந்த ஒரு வரி போதுமா?

மென்திசுக் கட்டிகளில் சைனோவியல் சார்கோமாவும் எபிதீலியாய்டு சார்கோமாவும் ஈஎம்ஏ காட்டுவது எல்லோரும் அறிந்தது. இவை எபிதீலியத் தன்மையை ஓரளவு ஏற்றுக்கொண்ட கட்டிகள் என்பதால் அதில் வியப்பில்லை. சைனோவியல் சார்கோமாவின் ஒற்றைநிலை வகையில் சைட்டோகெராட்டினைக் காட்டிலும் ஈஎம்ஏ பரவலாகக் கிடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிறு ஊசித் துண்டில் அது பெரிய உதவி. கருவில் முதுகெலும்புக்கு முன் தோன்றும் நோட்டோகார்டின் வழிவந்த கோர்டோமாவில் இ29 தாராளமாக விழுகிறது, குருத்தெலும்புக் கட்டியான காண்ட்ரோசார்கோமாவில் விழுவதில்லை. மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து வரும் துண்டுகளில் இந்தப் பாகுபாட்டுக்கு, கோர்டோமாவின் குறியான பிராக்கியூரியை அடுத்து, நான் விரும்பிக் கேட்பது இதைத்தான்.

செய்முறையில் இ29 பிடிவாதம் பிடிக்காத எதிர்ப்பொருள். மூன்று அல்லது நான்கு மைக்ரான் வெட்டு, பிஎச் 6 சிட்ரேட் அல்லது பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏ, 20 நிமிட வெப்பம், அறை வெப்பநிலையில் அரைமணி நேரம் எதிர்ப்பொருள்: இவ்வளவில் எபிதீலியத்துக்கு எது செய்தாலும் வரும். பெரிநியூரியத்துக்கும் பிளாஸ்மா செல்லுக்கும் பிஎச் 9 எனக்குத் தெளிவான படத்தைத் தந்திருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு திசுவின் சொந்தப் பெராக்சிடேஸை அடக்குவதில் மஜ்ஜைக்கும் இரத்தம் தோய்ந்த துண்டுக்கும் அவசரம் காட்ட வேண்டாம். சிவப்பணுக்கள் பழுப்பாகத் தெரிந்தால் மற்றது எதையும் நம்ப முடியாது. எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் இரவு முழுவதும் போட்டிருந்த துண்டில் சாயம் விழவில்லை என்றால் அதற்கு எதிர்ப்பொருளைக் குறை சொல்லக் கூடாது. ஈடிடிஏவில் மெதுவாகக் கால்சியம் நீக்கிய துண்டு நன்றாகவே வருகிறது. பழைய இரத்தக்கசிவு உள்ள இடத்தில் ஹீமோசிடெரினும், கரும்புள்ளிக் கட்டிகளில் மெலனினும் டிஏபியின் பழுப்போடு போட்டியிடும். அங்கே சிவப்பு நிறமூட்டிக்கு மாறிவிடுவேன். பின்னணிக்கு நீலம் தரும் ஹீமாட்டாக்சிலினை அழுத்தமாகப் போடும் வழக்கம் உள்ளவர்கள் இந்த எதிர்ப்பொருளுக்கு மட்டும் கையைச் சற்று இழுத்துக்கொள்ள வேண்டும். அடர்ந்த நீலம் பெரிநியூரியத்தின் இழையை விழுங்கிவிடும்.

ஆராய்ச்சிக்காக எலித் திசுவில் இதைப் போட எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. எலியில் உண்டாக்கிய எதிர்ப்பொருள் என்பதால் இரண்டாம் கரைசல் எலித் திசுவின் சொந்த இம்யூனோகுளோபுலினிலும் போய் அமரும். கிடைக்கும் பழுப்புக்குப் பொருளில்லை. மனிதத் திசுவுக்காக உருவான பொருள் இது.

குப்பியின் ஆயுளில் எனக்குக் குறையில்லை. இரண்டு முதல் எட்டு பாகைக்குள் வைத்திருந்த அடர்கரைசல், காலாவதித் தேதி வரை ஒரே சீராக வேலை செய்திருக்கிறது. நீர்த்து வைத்த கரைசல் அப்படியல்ல. சில வாரங்களில் எபிதீலியத்தில் மாற்றம் தெரியாமலும் நரம்பின் வளையத்தில் தெளிவாகத் தெரியும்படியும் வலுவிழக்கிறது. ஆகவே கொஞ்சமாக நீர்த்து, தேதி எழுதி, தீர்ந்ததும் மறுபடி நீர்ப்பதே என் வழக்கம். இதற்கு ஆகும் கூடுதல் நேரத்தைத் தானியங்கிக் கருவியும் ரெடி-டு-யூஸ் குப்பியும் மிச்சப்படுத்துகின்றன என்பதை மறுக்கவில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள் ஓட்டும் ஆய்வகத்தில் ஒரு எதிர்ப்பொருளுக்கு மட்டும் கையால் நீர்க்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று மேலாளர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், அதே ரெடி-டு-யூஸ் குப்பியைக் கொண்டே கருவியில் எதிர்ப்பொருளின் நேரத்தை நீட்டி, இரண்டாவது நெறிமுறை ஒன்றைத் தனிப்பெயரில் பதிந்து வைக்கலாம். நாங்கள் அதற்கு "ஈஎம்ஏ நரம்பு" என்று பெயரிட்டிருக்கிறோம். கட்டுப்பாட்டுத் துண்டாக, நரம்பும் டான்சிலும் அருகருகே பதித்த ஒரு சிறு பிளாக் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் ஏறுகிறது: நரம்பில் வளையம் முழுமையாக இருக்க வேண்டும், டான்சிலில் பிளாஸ்மா செல்கள் தெரிய வேண்டும், முளைமையங்களின் சிறு லிம்ஃபோசைட்டுகள் நீலமாகவே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் நோயாளியின் துண்டை நான் பார்ப்பதில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: எதிர்ப்பொருளுக்கு ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் மெனிஞ்சியோமாவில் போனது. ரெடி-டு-யூஸ் வடிவத்துக்கு, எபிதீலியம் அல்லாத வேலைக்கு மட்டும், மூன்று. விற்பனைத் தாளுக்கு இரண்டு. எரித்ரோபிளாஸ்டுகளைப் பற்றியும் பெரிநியூரியக் கட்டுப்பாட்டைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்த்தால் உயர்த்தித் தரத் தயாராக இருக்கிறேன். எங்கள் இருப்பில் அடர்கரைசல் இன்னும் கால் குப்பி இருக்கிறது. அடுத்த முறையும் அதையேதான் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன், புதிய தொகுப்பு எண் வந்ததும் முதல் வேலையாகப் பழையதையும் புதியதையும் ஒரே நரம்பின் அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு.